கோடு கண்ட இடமெல்லாம் கையெழுத்து

1

நான் பிறந்த ஊர் ஒன்றா, இரண்டா என்று கேட்டு ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. என் பள்ளிச் சான்றிதழில் ஊரின் பெயர் வெள்ளைக்காரன் வாயில் வந்தபடி 'சிங்கிள்புட்' என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் 'செங்கல்பட்டு'. இரண்டும் ஒன்றுதான் ஐயா என்று ஜெர்மன் மொழியில் எழுதிக் கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது. இருபத்தேழு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். நகரப் பேருந்து ஓட்டுகிறேன். என் தடத்தில் வரும் நிறுத்தங்களின் பெயர்களையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வேன். அலுவலகக் கடிதம் ஒன்று வந்தால் மட்டும் பிரிக்காமல் மகள் யாழினியிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வேன்.

யாழினிக்கு இருபது வயது. இங்கே ஒரு வங்கியில் பயிற்சி ஊழியர். அப்பாவுக்குப் படித்துச் சொல்லியே பாதிச் சட்டம் தெரிந்துகொண்டவள். பழைய காகிதங்களை எடுங்கள், இரண்டு ஊரும் ஒன்று என்று காட்ட ஏதாவது இருக்கும் என்றாள். அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கி இருவரும் தரையில் உட்கார்ந்து துழாவினோம். அதில் என் முதல் பாஸ்போர்ட் கிடைத்தது. அதன் பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டு ஐந்து தாள்களை அவள் உருவினாள். அங்கே அவை இருப்பது எனக்குத் தெரியும். பெட்டியை இறக்கும்போது மறந்திருந்தேன்.

அவை டிராவலர்ஸ் செக்குகள். இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அட்டையைத் தேய்த்து எந்த ஊரிலும் பணம் எடுக்கும் வசதி நம்மைப் போன்றவர்களுக்கு வராத காலத்தில், வெளிநாடு போகிறவர்கள் இதைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துக்கு இரண்டு கோடு இருக்கும். வாங்கும்போது மேல் கோட்டில் போட வேண்டும். போன ஊரில் மாற்றும்போது, பணம் தருகிறவரின் கண்ணெதிரில் கீழ்க்கோட்டில் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பணம் கையில். தொலைந்தாலோ திருடு போனாலோ செக்கை வெளியிட்ட கம்பெனியே பணத்தைத் திருப்பித் தந்துவிடும். நோட்டுக்கு இல்லாத பாதுகாப்பு இதற்கு உண்டு என்று அதற்குப் பெரிய பெயர்.

யாழினி கையெழுத்தைப் பார்த்து, இது என்ன பறவைப் படமா என்று கேட்டாள். அது தமிழில் 'மு. ஏகாம்பரம்'. 'ஏ'யின் வாலை நீளமாக இழுத்து அடியில் இரண்டு புள்ளி வைத்திருப்பேன். நான்கு வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவளுக்கு அப்பாவின் பெயர் பறவையாகத் தெரிந்தது. அதற்கு வருத்தப்படக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை. இதெல்லாம் இன்னும் செல்லும்ப்பா, காலாவதியே கிடையாது என்று சொல்லிக்கொண்டே, எனக்கு நல்லது செய்கிற உற்சாகத்தில், கம்பெனிக்கு அவள் போன் போட்டுவிட்டாள். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இந்த ஐந்தும் திருடு போனதாகப் புகார் ஆகி, அதற்கான பணத்தை அப்போதே உங்களுக்குத் திருப்பித் தந்தாகிவிட்டதாம் என்றாள். பிறகு அவளுடைய வகுப்புத் தமிழில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அப்பா, அப்போ திருடினது யாரு?"

2

செக்குகளை வாங்கியது சென்னையில். ஜெர்மனியில் ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரர் வேலை என்று எனக்கு விசா வந்திருந்தது. ஒரு தோசைகூட வட்டமாக ஊற்றத் தெரியாது. கையில் நோட்டாக எடுத்துக்கொண்டு போனால் எவனாவது அடித்துக்கொண்டு போவான் என்று என் அப்பாவுக்குப் பயம். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் இருவரும் போனோம். வங்கியில் இருந்தவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் மளமளவென்று ஏதோ விளக்கினார். நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உம் கொட்டினேன். நம் ஊரில் உம் கொட்டுவது என்றால் புரிந்தது என்று பொருள் இல்லை. நீங்கள் பேசுங்கள், நான் இங்கேதான் நிற்கிறேன் என்றுதான் பொருள். அவர் புரிந்தது என்று எடுத்துக்கொண்டார். மேல் கோடுகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

திரும்பும் ரயிலில் தாம்பரம் தாண்டியதும் அப்பா செக்குகளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் பத்திர ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று அலைந்து அலைந்து, எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கோட்டைத் தேடும் கண் அவருக்கு வந்திருந்தது.

"கீழ இன்னொரு கோடு கீது பாரு. உட்டுட்டியே. ஒரு கோடு உட்டா போதும், மறுபடியும் முதல்லருந்து அலைய உடுவான்" என்றார்.

எனக்கும் பகீர் என்றது. பேனாவைத் திறந்து, ரயில் ஆட்டத்தில், தொடையில் வைத்து ஐந்து செக்கிலும் கீழ்க்கோட்டில் கையெழுத்துப் போட்டேன். தாள் பறக்காமல் அப்பா இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்த நிம்மதியில் சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. கடைசி வரைக்கும் அது சரியாகத்தான் செய்யப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

3

உணவகத்துக்கு மேலே இரண்டாவது மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அதில் ஏற்கெனவே கபூர் இருந்தான். புதுப்பட்டினத்துக்காரன். அவன் வீட்டில் கல்பாக்கம் போகும் சாலையில் துணிக்கடை வைத்திருந்தார்கள். உறவினர் ஒருவரைப் பார்க்க விசிட் விசாவில் வந்து, அப்படியே பாத்திரம் கழுவும் வேலையில் நின்றுவிட்டவன். அவனுடைய விசா முடிந்து பல மாதமாகியிருந்தது. வந்த அன்றே நான் எந்த ஊர் என்று கேட்டான். சொன்னதும் "அட, நம்மாளு" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டு படியேறினான். அன்றிலிருந்து அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான்.

தோசை வார்க்க அவன்தான் கற்றுக் கொடுத்தான். குளிர்காலம் வருவதற்கு முன் அவனுடைய இரண்டு கம்பளிகளில் ஒன்று என் பக்கம் வந்துவிட்டது. பாய் விரித்துத் தரையில் சாப்பிடுவோம் என்பதால் ஷூக்களை அறைக்கு வெளியே படிக்கட்டில்தான் விடுவோம். பனி பெய்யும் நாளிலும் அப்படித்தான். கீழ்மாடிக் கிழவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை செக்குகளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். சம்பளம் இன்னும் வரவில்லை. செக்கை மாற்றினாயா என்று ஒவ்வொரு போனிலும் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கவுன்டரில் இருந்த பெண் முதல் தாளை எடுத்தார். மேல் கோட்டைப் பார்த்தார், கீழ்க்கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஜெர்மன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு அதில் 'இல்லை' என்ற ஒரு சொல்தான் விளங்கியது. பிறகு செக்கைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பின்பக்கத்தைச் சுட்டிக்காட்டி, ஒரு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

இங்கேதான் என் புத்தி போயிற்று. வெற்றுத் தாளும் பேனாவும் நீட்டினால் நம் ஊரில் என்ன அர்த்தம்? 'செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். பால் சொசைட்டியில் என் சித்தப்பா அப்படி எழுதிக் கொடுத்துத்தான் வேலையை இழந்தார். கள்ளக் கையெழுத்து என்று பிடித்துவிட்டார்கள், எழுதி வாங்கிக்கொண்டு போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் பாஷை தெரியாதவன் என்று தெரிந்துவிடுமே என்று வெட்கம். "ஆமாம் ஆமாம்" என்று அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டே ஐந்து தாள்களையும் வாரிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெண் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது.

தலைமைச் சமையல்காரர் பஞ்சாபி. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரியும். இரண்டு கையெழுத்தும் போட்டாகிவிட்டால் அது குப்பை என்றார். ஆனால் திருடு போய்விட்டது என்று போலீஸில் எழுதி வாங்கிக் கொடு, கம்பெனி புதுசாகத் தரும், யாருக்கும் நஷ்டமில்லை என்றார். யாருக்கும் நஷ்டமில்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

4

செக்குகளை ஷூவின் உள்தோலுக்கு அடியில் வைத்து, அந்த ஷூவையே மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். அறையில் வைத்தால் கபூர் கண்ணில் படும் என்று பயம். அவனிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போகாதே என்று சொல்லியிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை.

வயதான அதிகாரி. எனக்காக எளிய ஆங்கிலத்தில் கேட்டார். எங்கே வைத்திருந்தாய்? அறையில். பூட்டு உடைந்ததா? இல்லை. அறையின் சாவி வேறு யாரிடம் இருக்கிறது? நான் தெருவில் தொலைந்தது என்று சொல்லியிருக்கலாம். அறை என்று வாயில் வந்துவிட்டது. ஒரு பொய்க்குக் கதவு வைத்தால் அதற்குச் சாவி யாரிடம் என்று கேட்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கபூர் என்றேன். முழுப் பெயர் கேட்டார். சொன்னேன். அதிகாரியின் பேனா அந்தப் பெயரில் ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக ஓடியது. அதை நான் பார்த்தேன்.

எழுதி முடித்து ஒவ்வொரு வரியாக எனக்குப் படித்துக் காட்டினார். நான் உம் கொட்டினேன். 'அறையிலிருந்து காணாமல் போனது'. ம். 'கதவு உடைக்கப்படவில்லை'. ம். 'தன் அறைத் தோழர் மீது சந்தேகப்படுகிறார்'. ம்.

இவ்வளவு காலமாக இதை எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொண்டு வந்தேன் என்றால், பாஷைக் கோளாறு, நம் ஊர் உம் கொட்டலை அந்த ஆள் சம்மதமாக எடுத்துக்கொண்டார், என் மீது தப்பில்லை என்று. ஆசையாகத்தான் இருக்கிறது, அப்படியே நம்பிவிட. ஆனால் மூன்றாவது வரி எனக்குப் புரிந்தது. சந்தேகம் என்ற ஆங்கிலச் சொல் பத்தாம் வகுப்பிலேயே தெரியும். புரிந்துதான் உம் கொட்டினேன். தாளைத் திருப்பினார். கீழே ஒரு கோடு இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை இரண்டு பேர் அறைக்கு வந்தார்கள். நான் அப்போதுதான் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன். பெட்டிகளைக் கிளறினார்கள். பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். செக்கு கிடைக்கவில்லை. கிடைக்காது, அது என் காலடியில் இருந்தது. பிறகு இருவருடைய பாஸ்போர்ட்டையும் கேட்டார்கள். என்னுடையதைப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். கபூருடையதைத் தரவில்லை. திருட்டுக்காக அவனைக் கொண்டுபோகவில்லை, விசாவுக்காகத்தான் என்று இதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். விசா முடிந்தவன் அங்கே இருக்கிறான் என்று அவர்களுக்கு யார் வழி காட்டியது?

கபூர் சத்தம் போடவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவமானத்தில் குனிகிறான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவனை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று உணவகத்தில் பேசிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரம் கம்பெனிப் பணம் எனக்கு வந்தது. செக்கை மாற்றிவிட்டேன் என்று அப்பாவுக்குப் போன் செய்தேன். அவனுடைய கம்பளி என்னிடமே இருந்துவிட்டது.

5

யாழினியிடம் இவ்வளவையும் சொன்னேன். பெட்டியைச் சுற்றிக் காகிதங்கள் பரந்து கிடக்க, தரையில் உட்கார்ந்தே சொன்னேன். இங்கே வளர்ந்த பிள்ளைகள் உம் கொட்ட மாட்டார்கள். கண்ணைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கேட்பார்கள். உம் கொட்டாத ஆளிடம் கதை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. நிறுத்திவிட்டு மூச்சு வாங்க ஓர் இடம் கிடைக்காது.

முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் இருக்காரா? இருக்கிறான், மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை வைத்திருக்கிறான் என்றேன். பத்து வருடம் முன்பு விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்த புதுப்பட்டினத்து ஆள் பேச்சுவாக்கில் சொன்னார். கடையின் பெயரையும் தெருவையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன், போவதற்கு அல்ல, தவிர்ப்பதற்கு.

"அதான் நாம அங்க போனதே இல்லையா?" என்றாள் யாழினி.

நாவலூரில் என் தங்கை வீடு இருக்கிறது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அங்கேதான் தங்குவோம். அங்கிருந்து மாமல்லபுரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. என் மனைவி விஜயாவும் பிள்ளைகளும் கேட்கும்போதெல்லாம் வெயில் என்பேன், கூட்டம் என்பேன், அடுத்த தடவை என்பேன். திருவிடந்தை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொல்வேன். கடற்கரைக் கோயிலை என் பிள்ளைகள் இங்கே பள்ளிப் புத்தகத்தில்தான் பார்த்தார்கள். இது எங்கள் ஊர்ப் பக்கம் என்று யாழினி வகுப்பில் சொன்னபோது, நீ போயிருக்கிறாயா என்று ஆசிரியை கேட்டாராம். இல்லை என்று சொன்னாளாம்.

செக்குகளை அவள் பழையபடி உறைக்குள் வைத்தாள். வங்கியில் வேலை செய்கிறவள் இப்படி ஒன்றைப் பார்த்தால் மேலிடத்தில் சொல்லியாக வேண்டும். நான் இதைப் பார்க்கவில்லை என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து வரவழைத்துவிட்டேனே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுவதால் அவளால் படிக்க முடியாது. அதுவும் ஒரு வகை ஒளிவுதான் என்று எனக்குத் தெரியும்.

6

தை மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்குப் போனேன். யூரோ மாற்ற வேண்டும் என்றதும் தங்கை மகன் சிரித்தான். இதோ இந்தத் தெருவிலேயே மாற்றலாம் மாமா, இல்லையென்றால் போனிலேயே எல்லாம் கட்டிக்கொள்ளலாம், அதற்காகவா மாமல்லபுரம் என்றான். கோயிலையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். திருவிடந்தை தாண்டியதும் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. இரண்டு நிறுத்தம் அப்படியே போனது. ஓட்டுநர் என்ற முறையில் சொல்கிறேன், மணி அடிக்கக் கையைத் தூக்கிவிட்டு அடிக்காமல் உட்கார்ந்துவிடும் பயணியை நாங்கள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.

கபூரின் கடை சின்னது. ஒரு பக்கம் ஜெராக்ஸ் மிஷின், பேருந்து டிக்கெட், சிம் கார்டு. இன்னொரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கவுன்டர். வாசலில் நான்கைந்து செருப்புகள் கிடந்தன. நான் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கபூரின் தாடி முழுக்க வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எந்த நாட்டுப் பணம் என்று கேட்டான். யூரோ நோட்டுகளைத் தள்ளினேன். பாஸ்போர்ட் கேட்டான். ஜெர்மன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். பெயர்ப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நானே போய் ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுக்கட்டுமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். பாய் என்று அவனைக் கூப்பிட்டேன்.

"இன்னா மச்சான், பாய் பாய்ன்ற? உள்ள வரும்போதே தெரிஞ்சிது" என்றான்.

கடையில் இருந்த பெண் ஊழியரை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பினான். கோபமாக ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் என் கால்களைப் பார்த்தான்.

"அன்னிக்கு வூட்டுக்குள்ள ஷூ போட்டுகினு நின்ன. நம்ம ரூம்ல யாராவது ஒரு நாளு ஷூவோட நின்னுகீறோமா? அப்பவே தெரிஞ்சிப்போச்சி, அது எங்க கீதுன்னு."

"ம்" என்றேன்.

அவன் நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போனான். வந்த போலீஸ்காரர்களுக்கு ஒருவன் வீட்டுக்குள் ஷூவோடு நிற்பது வித்தியாசமாகத் தெரியவில்லை. அவனுக்கு மட்டும்தான் தெரிந்தது. அந்த ஷூவைக் கழற்றச் சொல் என்று கையைக் காட்டியிருந்தால் போதும், காட்டவில்லை, ஏன் காட்டவில்லை என்று இன்று வரைக்கும் தனக்கே தெரியவில்லை என்றான். திரும்பி வந்து ஒரு வருடம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. திருடிவிட்டுத் திரும்பி வந்தவன் என்று புதுப்பட்டினத்தில் ஒரு பேச்சு. அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் உம் கொட்டினேன்.

"மொதல்ல ரெண்டு நாளு ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சிருந்தானுங்க. கதவு தொறக்கும்போதெல்லாம் நீதான்னு பாத்தேன்" என்றான்.

"ம்."

"உம் கொட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். மன்னிப்பு என்று ஆரம்பிக்கும் பெரிய பேச்சு ஒன்றை விமானத்திலேயே தயார் செய்திருந்தேன். அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"திருடு போவல மச்சான். என் ஷூலதான் இருந்துது. உன் பேர நான்தான் சொன்னேன். தெரிஞ்சிதான் சொன்னேன்."

கபூர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். நான் உறையிலிருந்து ஐந்து செக்குகளையும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று தெரியாது. மேல் தாளை எடுத்து, இந்த வேலையில் பழகிய கண்ணால், மேல் கோட்டையும் கீழ்க்கோட்டையும் பார்த்தான். முதன்முறையாக அவன் முகம் மாறியது.

"இதுக்கா?" என்றான். "ரெண்டு கோட்லயும் முன்னாலயே போட்டுகினு வர வெள்ளக்காரன் எத்தினி பேரு தெரியுமா? திருப்பிப் போட்டு, என் கண்ணு முன்னால பின்பக்கம் ஒண்ணு போடுன்னுவேன். மூணும் ஒத்துப்போனா டப்பு குடுத்து அனுப்புவேன். அவ்ளோதான் மச்சான்."

சொல்லிக்கொண்டே செக்கைத் திருப்பி, வெற்றுப் பின்பக்கத்தைக் காட்டி, பேனாவை என் பக்கம் நீட்டினான்.

அந்த வங்கிப் பெண் செய்தது அச்சு அசல் இதைத்தான். தப்பை எழுதிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. உன் பெயரை இன்னொரு முறை எழுது, பணத்தை வாங்கிக்கொண்டு போ என்றுதான் அவ்வளவு நீளமாகச் சொல்லியிருக்கிறார். வெளியே ஓடி வந்த பிறகும் கூப்பிட்டிருக்கிறார். கவுன்டரில் இன்னும் ஒரு நிமிடம் வெட்கத்தை விட்டு நின்றிருந்தால், கபூர் ஜெர்மனியிலேயே இருந்திருப்பான். அவனுக்கும் ஒரு பேருந்தோ ஒரு கடையோ கிடைத்திருக்கும். கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"போடு" என்றான்.

பேனாவை வாங்கினேன். கை தன் பாட்டுக்கு ஆங்கில 'ஈ'யில் ஆரம்பித்தது. இருபது வருடமாக எல்லாக் காகிதத்திலும் அதுதான் என் கையெழுத்து. அதை அடித்துவிட்டு 'மு' என்று எழுதினேன். 'ஏ'யின் வாலை எந்தப் பக்கம் இழுப்பேன் என்று நினைவுக்கு வரவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதி, அடியில் இரண்டு புள்ளி வைத்தேன்.

கபூர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவசரப்படவில்லை. விரலை வைத்து முன்பக்கக் கையெழுத்தின் வாலைத் தடவிப் பார்த்தான். டீ வந்தது. அதை என் பக்கம் தள்ளினான்.

"ஒத்துப்போவல மச்சான். மாத்த முடியாது" என்று செக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

டீயைக் குடித்தேன். அவன் யூரோ நோட்டுகளுக்கான படிவத்தை எழுதி என் முன் வைத்தான். கீழே கோடு இருந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

"படிச்சிப் பாத்துட்டுப் போடு" என்றான்.

படித்தேன். பத்துப் பன்னிரண்டு வரிதான், எழுத்து கலங்கிக்கொண்டே இருந்ததால் நேரம் ஆயிற்று. அவன் காத்திருந்தான். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். கபூர் அதை என் பாஸ்போர்ட்டில் இருந்த கையெழுத்தோடு வைத்து ஒத்துப் பார்த்தான். பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தான்.